இடம் மாறிய சுவிட்ச்

லாண்டரியக்கா வேனைப் பட்டறை வாசலில் கொண்டுவந்து நிறுத்தவும் மழை பிடிக்கவும் சரியாக இருந்தது. கதவு வழக்கம்போல அடம்பிடித்தது. உள்ளேயிருந்து தோளால் ஒரு இடி கொடுத்துத் திறந்து, தலையில் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு தகரக் கூரைக்குள் ஓடிவந்தாள்.

"டேப்பண்ணே, இந்தக் கெழட்டு வண்டிக்கும் ஒரு சுவிட்ச் வச்சு விடு. எனக்குக் கண்ணை மூடினா பக்குனு இருக்கு."

"இத எவன்க்கா திருடப் போறான்? திருடினவனே தள்ளிக்கிட்டுத்தான் போகணும்."

"சிரிக்காதண்ணே. மீன்காரர் வண்டி மட்டும் என்ன புதுசா? அது என் வண்டிக்கு அப்பன். அதையே தூக்கிட்டுப் போய்ட்டான்."

அவன் அவளை அக்கா என்பான், அவள் அவனை அண்ணே என்பாள். இருவரில் யார் மூத்தவர் என்று கேட்டால் இருவருமே அடுத்தவரைக் கைகாட்டுவார்கள்.

டேப்புக்கு வீட்டில் வைத்த பேர் ஒன்று உண்டு. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவனே திரும்பிப் பார்க்கமாட்டான். கறுப்பு இன்சுலேஷன் டேப்புச் சுருள் ஒன்று எந்நேரமும் இடது மணிக்கட்டில் வளையல் மாதிரி தொங்கும். அதனால் டேப்பு. வண்டிகளுக்கு ஒயரிங் பார்க்கிறவன். விளக்கு எரியவில்லை, ஹாரன் கத்தவில்லை, பேட்டரி நிற்கவில்லை என்று வருகிற கிழட்டு வண்டிகள்தான் அவன் பிழைப்பு. புது வண்டிகள் அந்தப் பட்டறைப் பக்கம் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை.

அவனுக்குக் கொஞ்சம் பேர் வாங்கிக் கொடுத்தது இந்தத் திருட்டுச் சுவிட்ச் வேலைதான். பழைய வண்டிக்கு எந்தச் சாவியும் சாவி. தகரத்துண்டை விட்டுத் திருகினாலும் திரும்பிவிடும். அதனால், சாவியிலிருந்து இஞ்சினுக்குத் தீப்பொறி கொடுக்கிற காயிலுக்குப் போகிற ஒயரை நடுவில் வெட்டி, ஒரு சின்ன சுவிட்சைக் கோத்து, யார் கண்ணிலும் படாத இடத்தில் ஒளித்துவிடுவான். அதை அணைத்துவிட்டுப் போனால் போதும். திருட வந்தவன் சாவியைத் திருப்பினால் செல்ஃப் மட்டும் கரகரவென்று சுற்றும், இஞ்சின் பிடிக்காது. நாலு தரம் சுற்றிப் பார்த்துவிட்டு, ஓட்டை வண்டி என்று திட்டிவிட்டுப் போய்விடுவான்.

"ஏண்ணே, மீன்காரர் வண்டிக்கும் நீதானே சுவிட்ச் வச்சே?" லாண்டரியக்கா குற்றமாகக் கேட்கவில்லை. துண்டைப் பிழிந்துகொண்டே சும்மா கேட்டாள்.

"ஆமாக்கா."

"அப்புறம் எப்படிப் போச்சு?"

"அணைக்க மறந்திருப்பாரு."

அது பொய். மீன்காரர் மறக்கிற ஆள் இல்லை. அணைத்துவிட்டுத்தான் போனேன் என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்தார். வண்டி, பழைய இரும்புக் கிடங்குகளுக்குப் பின்னால் வெறும் கூடாகக் கிடைத்தபோது டேப்புவும் கூடப் போயிருந்தான். இஞ்சின் இல்லை, சக்கரம் இல்லை, ஐஸ் பெட்டிகூட இல்லை. டிரைவர் சீட்டு மட்டும் ஒரு கீறல் இல்லாமல் இருந்தது. மீன்காரர் அந்தப் பக்கம் உட்கார்ந்து அழுதுகொண்டிருக்க, டேப்பு சீட்டுக்கு அடியில் கைவிட்டுப் பார்த்தான். சுவிட்ச் போட்டபடி இருந்தது. தேடியவன் என்றால் சீட்டைக் கிழித்திருப்பான், டேஷ்போர்டுக்கு அடியில் ஒயரையெல்லாம் குடல் மாதிரி இழுத்துப் போட்டிருப்பான். இது தேடிய கை இல்லை, தெரிந்த கை.

அந்த இடத்தைக் கண்டுபிடித்ததே சின்னவன்தான். டேப்புவின் தம்பி. சீட்டை முன்னே பின்னே தள்ளுகிற கம்பி இருக்கிறதே, அதற்குப் பின்னால் ஸ்பிரிங் வளைகிற இடத்தில் விரல் நுழைகிற அளவுக்கு ஒரு சந்து. "அண்ணே, திருட வர்றவன் டேஷ்போர்டுல தேடுவான், பானெட்டுல தேடுவான். தான் உக்காந்திருக்கிற எடத்துல எவனாச்சும் தேடுவானா?" என்று அன்றைக்குச் சின்னவன் கேட்டபோது டேப்புக்குப் பெருமை தாங்கவில்லை. பார்க்கிறவர்களிடமெல்லாம் என் தம்பி மூளை என்று சொல்லித் திரிந்தான். அதற்குப் பிறகு பட்டறைக்கு வந்த எல்லா வண்டிக்கும் அதே இடம்தான். வண்டியின் சொந்தக்காரரைத் தவிர வேறு யாருக்கும் சொல்வதில்லை என்பது அண்ணன் தம்பிக்குள் பேச்சு.

பிறகு சின்னவன் குடிக்கப் பழகினான். சரிசெய்ய வந்த வண்டிகளின் நல்ல பேட்டரியை எடுத்து விற்றுவிட்டு, செத்த பேட்டரியை மாட்டி அனுப்பினான். அது தெரிந்தபோது டேப்பு நடுத்தெருவில் வைத்து அவனை வெளியே போடா என்றான். சொல்லும்போது, அவன் உண்மையிலேயே போய்விடுவான் என்று நினைக்கவில்லை. அவன் போய்விட்டான்.

மழை கொஞ்சம் தணிந்ததும் டேப்பு வேலையை ஆரம்பித்தான். சீட்டைக் கழற்றி, ஸ்க்ரூக்களைத் துணியில் வரிசையாக எடுத்து வைத்தான். கை பழக்கத்தில் அந்தச் சந்துக்குள் போயிற்று. உடனே வெளியே எடுத்துக்கொண்டான். வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்து வந்து, பின்கதவைத் திறந்து பார்த்தான். உள்ளே சோப்பும் ஈரத்துணியும் கலந்த வாசனை. மருத்துவமனை விரிப்பு மூட்டை ஒருபுறம், ஓட்டல் விரிப்பு மூட்டை ஒருபுறம்.

"ரெண்டையும் சேத்துத் துவைக்க மாட்டியே?"

"சீச்சீ. ஆஸ்பத்திரித் துணில ரத்தம்தான் இருக்கும், அது போயிரும். இந்த ஓட்டல் துணி இருக்கே, அத விரிச்சுப் பாத்தா ஊர்ல யார் யோக்கியம்னு தெரிஞ்சிரும்ணே. நான் வாயத் தொறந்தா பாதிக் குடும்பம் பிரிஞ்சிரும்."

டேப்பு சிரித்துவிட்டான். சிரித்துக்கொண்டே இடது பின்சக்கர மேட்டுக்கு மேலே, ஜாக்கி வைக்கிற பொந்தின் தகர மூடியைத் திறந்தான். ஓட்டுகிறவன் சீட்டிலிருந்து எந்தப் பக்கம் கையை நீட்டினாலும் அங்கே எட்டாது. இங்கேதான் என்று முடிவு செய்தபோது, தான் என்ன முடிவு செய்கிறோம் என்பதும் அவனுக்குத் தெரிந்தது. வாயால் யாரிடமும் சொல்லாததைக் கையால் ஒத்துக்கொள்கிறோம் என்று நினைத்தான்.

வேலை சுலபமாக இல்லை. பழைய ஒயர்கள் வளைத்தாலே மேல்தோல் உதிர்ந்தன. காயில் ஒயரை வெட்டி, இரண்டு நீள ஒயர்களை ஈயம் உருக்கிப் பற்றவைத்து, ரப்பர் விரிப்புக்கு அடியில் தரையோரமாகவே இழுத்துக்கொண்டு பின்னால் வரைக்கும் வந்தான். துருப்பிடித்த தகரம் ஒயரை அறுத்துவிடாதபடி விளிம்புக்கெல்லாம் மணிக்கட்டுச் சுருளிலிருந்து டேப்பைக் கிழித்துச் சுற்றினான். லாண்டரியக்கா ஒரு மூட்டையின்மேல் உட்கார்ந்து டீயை ஊதிக் குடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏண்ணே இவ்ளோ தூரம்? ஏறி உக்காந்துட்டு, மறுபடி எறங்கிப் பின்னால போய் சுவிட்ச் போடணுமா? கைக்கு எட்டற மாதிரி வைக்கக் கூடாதா?"

"கைக்கு எட்டினா எல்லார் கைக்கும் எட்டும்க்கா. மூட்டை ஏத்த எப்படியும் பின்கதவைத் தொறக்கத்தானே போற. அப்பவே போட்டுட்டு வந்து உக்காரு."

"சரி. என் பொண்ணுகிட்ட மட்டும் சொல்லிக்கிறேன்."

"யார்கிட்டயும் சொல்லாத. என்கிட்டகூட மறுபடி சொல்லாத."

அவள் சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை என்பதைக் கவனித்து நிறுத்திக்கொண்டாள். அந்த வண்டிதான் அவளுக்குப் புருஷன், அண்ணன் தம்பி எல்லாம். வண்டி இல்லையென்றால் மூட்டையைத் தலையில் சுமந்து மருத்துவமனைக்கு நடக்க வேண்டியதுதான். அதை அவள் சொல்லவில்லை, டேப்புக்குத் தெரியும்.

அன்று சாயங்காலம் வீட்டில் அம்மா சந்தோஷமாக இருந்தாள். அவள் சந்தோஷமாக இருந்தாலே சின்னவன் வந்துபோயிருக்கிறான் என்று அர்த்தம். டேப்பு பட்டறையில் இருக்கிற நேரம் பார்த்துத்தான் அவன் வருவான்.

"மத்தியானம் வந்தான்டா. ரெண்டு முட்டை பொரிச்சுக் குடுத்தேன். நின்னுக்கிட்டே தின்னுட்டுப் போறான். கழுத்தெலும்பு துருத்திக்கிட்டுத் தெரியுது. பெத்த வயிறு எரியுதுடா."

டேப்பு தட்டைப் பார்த்துச் சாப்பிட்டான்.

"என்ன வேலை பாக்கிறேன்னு கேட்டேன். வண்டி வேலைதான்மான்னான். நீ கத்துக் குடுத்த வேலைதான். நீ ஒரு வார்த்தை வாடான்னு சொன்னா நாளைக்கே வந்து நிப்பான். உனக்குத்தான் மனசு வரல."

"வரட்டும்மா, பாக்கலாம்."

"எப்பப் பாக்கிறது? நான் போனப்புறமா?"

அவன் மனைவி குழாயடியில் பாத்திரம் தேய்க்கப் போனாள். போகும்போது அவனைப் பார்த்த பார்வையில் வா என்று இருந்தது. கை கழுவுகிற சாக்கில் போய் நின்று, லாண்டரியக்கா வண்டிக்குச் சுவிட்சை வேறு இடத்தில் வைத்ததைச் சொன்னான்.

"மீன்காரர் வண்டி யார் கையால போச்சுன்னு எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும்" என்றாள், தண்ணீர்ச் சத்தத்துக்குள். "அத்தைக்குத் தெரிய வேணாம். ஆனா இன்னைக்கு எடத்த மாத்தி வச்சிருக்கீங்கல்ல, அத அவன் காதுல போட்டுருங்க. இனிமே அங்க கை வைக்காதேன்னு ஒரு சொல்லு."

"யாரு மூலமா? அம்மா மூலமாவா? உன் சின்னப் பையன் திருடன்மா, வந்தா சொல்லிருன்னா?"

"நான் சொல்றேன். மத்தியானம் வந்தா எனக்குத்தான முகம் காட்டுவான்."

"நீ ஒண்ணும் சொல்ல வேணாம். வண்டி கிளம்பாது. நாலு தரம் பாப்பான், போய்ருவான். அண்ணன் தெரிஞ்சுக்கிட்டான்னு அவனுக்கே உறைக்கும். அதுலயாவது புத்தி வரட்டும்."

"வந்தா சரி" என்று அவள் தேய்த்த தட்டையே மறுபடி தேய்த்தாள்.

டேப்புவின் கணக்கு தப்பென்று சொல்ல முடியாது. திருடன் என்ன செய்வான் என்று சரியாகத்தான் கணக்குப் போட்டான். தம்பி என்ன செய்வான் என்று மட்டும் போடவில்லை.

அடுத்து வந்த நாட்களில் வெயில் சுள்ளென்று அடித்தது. லாண்டரியக்கா தெருவில் கொடி கொடியாக வெள்ளை விரிப்புகள் காய்ந்தன. ஒரு நாள் மத்தியானம், டேப்பு ஒரு லாரியின் முன்விளக்கைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு உள்ளே துரு பிடித்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தபோது ஃபோன் அடித்தது.

"அண்ணே, என் வண்டிக்கு ஆள் அனுப்பினியா?" லாண்டரியக்கா.

"இல்லியேக்கா" என்றான், விளக்கைப் பார்த்தபடியே.

"இங்க ஒருத்தன் வந்து சீட்டைக் கழட்டி வச்சிட்டு உக்காந்திருக்கான். நான் கொடியில துணி எடுத்துட்டு இருந்தேன். மெக்கானிக்கு யாரோன்னு தெருவுல எல்லாரும் அவன் காலைத் தாண்டித் தாண்டிப் போயிருக்காங்க. யாருப்பா நீன்னேன். டேப்பண்ணன் அனுப்பிச்சாரு, சுவிட்ச் சரிபாக்கச் சொன்னாருங்கிறான். சந்தேகமா இருந்தா ஃபோன் போட்டுக் கேளுங்கக்கான்னு உன் நம்பரை அவனே சொல்றான்."

டேப்பு விளக்கைக் கீழே வைத்தான்.

"நல்லா யோசிச்சுச் சொல்லுண்ணே. பாத்தா வேலை தெரிஞ்ச ஆளாத்தான் இருக்கான். ஸ்க்ரூவெல்லாம் ஒரு துணில வரிசையா எடுத்து வச்சிருக்கான்."

ஸ்க்ரூவைத் துணியில் வரிசையாக வைக்கச் சொல்லிக் கொடுத்தது டேப்பு. ஒன்று தொலைந்ததற்காக ஒரு முறை தம்பியை அடித்தும் இருக்கிறான்.

ஆமாக்கா, என் ஆள்தான், மறந்துட்டேன், பட்டறைக்கு வரச் சொல்லு. இவ்வளவுதான் சொல்ல வேண்டியிருந்தது. வாய் வரைக்கும் வந்தது. கூடாகக் கிடந்த வண்டிக்குப் பக்கத்தில் மீன்காரர் உட்கார்ந்து அழுதது நினைவுக்கு வந்தது. இன்றைக்கு ஆமாம் என்றால், நாளைக்கு இந்த அக்காவும் அப்படித்தான் உட்கார்ந்திருப்பாள். என் பேரைச் சொல்லியே திருட வந்திருக்கிறான், என் நம்பரையே கொடுக்கிறான், நான் ஆமாம் போடுவேன் என்று எவ்வளவு தைரியம் என்று கோபமும் வந்தது. நாலு பேர் பிடித்து வைத்து நாலு அதட்டு அதட்டினால் பயப்படுவான் என்றும் நினைத்தான். அதற்குமேல் நினைக்கவில்லை.

"இல்லக்கா. நான் யாரையும் அனுப்பல."

அவள் ஃபோனை அணைக்காமலே திரும்பித் தெருவைப் பார்த்துக் கத்தினாள். அந்தக் கத்தலை டேப்பு கேட்டான். அப்புறம் ஓடுகிற கால்களின் சத்தம். அப்புறம் வேனின் கதவு அடைபடுகிற சத்தம். மறுபடியும் அடைபட்டது. யாரோ அண்ணே என்றார்கள். டேப்பு பட்டறையைப் பூட்டாமல், லாரிக்காரர் கூப்பிடக் கூப்பிட ஓடினான்.

அவன் போய்ச் சேர்ந்தபோது கூட்டம் களைத்துப்போய் ஒதுங்கி நின்றது. துணி அடிக்கிற கட்டை ஒன்று சாக்கடையோரம் கிடந்தது. சின்னவன் முன்சக்கரத்தில் சாய்ந்தபடி கிடந்தான். சட்டை தோளில் இல்லை. வலது கையை மடியில் போட்டிருந்தான், அது கை மாதிரியே இல்லை. கொடியிலிருந்து யாரோ ஒரு விரிப்பை இழுத்து அதன்மேல் போட்டிருந்தார்கள். அது சிவந்துகொண்டே வந்தது.

லாண்டரியக்கா நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதாள். "புடிச்சு வையுங்கன்னுதாண்ணே சொன்னேன். போலீஸ் வர்ற வரைக்கும் புடிச்சு வையுங்கன்னுதான் சொன்னேன். கதவுல கைய வச்சுச் சாத்துவாங்கன்னு நான் கண்டேனா?"

டேப்பு தம்பியின் அருகில் மண்டியிட்டான்.

"ஓடவே இல்லண்ணே அவன்" என்று அவள் பின்னால் நின்று சொல்லிக்கொண்டே இருந்தாள். "நான் ஃபோன் பேசி முடிக்கிற வரைக்கும் சீட்டுச் சட்டத்துலயே உக்காந்திருந்தான். அதுவரைக்கும் யாரும் அவனத் தடுக்கல, எழுந்து போயிருக்கலாம். கேளுங்கக்கா, அண்ணன் சொல்லும்னு என்னப் பாத்துச் சிரிச்சான். யாருண்ணே அது, உனக்குத் தெரிஞ்சவனா?"

"என் தம்பிக்கா."

அதற்கப்புறம் அவள் அழவில்லை. வேனிலேயே தூக்கிப் போட்டுக்கொண்டு போகலாம் என்று யாரோ சொன்னார்கள். பின்கதவைத் திறந்து அவனை உள்ளே ஏற்றியதும் லாண்டரியக்கா ஜாக்கிப் பொந்துக்குள் கைவிட்டுச் சுவிட்சைப் போட்டாள். சீட்டில்லாத சட்டத்தில் ஒரு மூட்டையைப் போட்டு உட்கார்ந்து அவளே ஓட்டினாள். வண்டி ஒரே தட்டில் பிடித்தது. பின்னால் விரிப்பு மூட்டைகளுக்கு நடுவில் டேப்பு தம்பியின் தலையை மடியில் வைத்திருந்தான். அவள் எங்கே கைவிட்டாள் என்பதைச் சின்னவன் கண்ணால் பார்த்திருந்தான்.

"அங்கயா வச்ச" என்றான் மெதுவாக. "நான் என் கைதான் மறந்து போச்சுன்னு நெனச்சேன்ணே. திரும்பத் திரும்பத் தடவினேன்."

"பேசாத."

"நல்ல எடம்ணே."

ஆஸ்பத்திரியில் வலது கையின் மூன்று விரல்களை எடுத்துவிட்டார்கள். மிச்சம் இருப்பவை மடங்குமா என்பதைப் போகப் போகத்தான் சொல்ல முடியும் என்றார் டாக்டர். வார்டு வாசலில் ஒரு போலீஸ்காரர் நாற்காலி போட்டு உட்கார்ந்து கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார். சின்னவனுக்குக் கீழே விரித்திருந்தது லாண்டரியக்கா துவைத்த விரிப்பாகத்தான் இருக்கும். டேப்பு அதையே பார்த்துக்கொண்டு நின்றான். அவன் மனைவி சுவரோரம் நின்றாள். அன்றைக்குக் குழாயடியில் பேசியதை அவள் சொல்லிக் காட்டவில்லை. சொல்லிக் காட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவனுக்கு.

அம்மா கட்டிலில் உட்கார்ந்து சின்னவனுக்கு ரொட்டியைப் பாலில் நனைத்து ஊட்டிக்கொண்டிருந்தாள். ரிப்பேர் பார்க்கப் போன பிள்ளையைத் திருடன் என்று அடித்துவிட்டார்கள் என்பதுதான் அவள் வரைக்கும் நடந்தது. வார்டுக்கு வந்துபோன எல்லாரிடமும் அதைத்தான் சொன்னாள். வந்தவர்களில் யாரோ அவளிடமும் ஒன்றைச் சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள்.

"ஏன்டா" என்று பெரியவனைப் பார்த்தாள். "அந்தப் பொம்பள உனக்கு ஃபோன் போட்டாளாமே. நீ அனுப்பின ஆளான்னு கேட்டாளாமே."

டேப்பு வாயைத் திறந்தான்.

"நீ இல்லன்னு சொன்னதாலதான் அடிச்சாங்கன்னு சொல்றாங்க. ஊர் வாய் என்னல்லாம் சொல்லுது பாரு. அப்படியாடா?"

"அது வேற யாரோம்மா" என்றான் சின்னவன். உதடு வீங்கியிருந்ததால் சொல் சரியாக வரவில்லை. பாலை விழுங்கிவிட்டு, அம்மாவையே பார்த்துக்கொண்டு திரும்பச் சொன்னான். "நான் வலியில நம்பரை மாத்திச் சொல்லிட்டேன். எவனோ எடுத்து இல்லன்னுட்டான். அண்ணனுக்கு ஃபோனே போகல."

அவன் நம்பர் சொன்னபோது அவனை யாரும் தொட்டிருக்கவில்லை. வலி என்று ஒன்று அப்போது இல்லை. அந்த அறையில் அது தெரிந்தவர்கள் அண்ணனும் தம்பியும்தான்.

"அண்ணனுக்குப் போயிருந்தா ஆமான்னு சொல்லியிருக்கும்மா" என்றான் சின்னவன்.

"அது எனக்குத் தெரியாதா" என்றாள் அம்மா. அவள் முகம் தெளிந்துவிட்டது. "நான் பெத்தது ரெண்டும் எனக்குத் தெரியாதா." இன்னொரு துண்டு ரொட்டியைப் பாலில் நனைத்தாள்.

டேப்பு கட்டிலின் இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். அனுப்பவில்லை என்று ஃபோனில் இரண்டு தரம் வந்த உண்மை, அம்மாவுக்கு முன்னால் ஒரு தரம்கூட வரவில்லை.